ஓசியில் எடுத்த எக்ஸ்ரே

1

போன வெள்ளிக்கிழமை எங்கள் கட்டட லிஃப்டுக்குள் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இலவச மருத்துவ முகாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கண், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் பார்ப்பார்களாம். வருகிறவர்களுக்கு டீ ஷர்ட்டும் மதியச் சாப்பாடும் உண்டு. மூன்றாவது மாடியில் ஏறிய ஒரு மலையாளி இளைஞர் முகாம் நடக்கும் இடத்தைத் தன் கைபேசியில் குறித்துக்கொண்டு, "நீங்க போகலையா அங்கிள்?" என்று கேட்டார்.

"போ. எக்ஸ்ரே மட்டும் எடுக்காதே" என்றேன்.

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். கதவு திறந்தது, இறங்கிப் போய்விட்டார். காரணம் சொல்ல லிஃப்டில் நேரம் போதவில்லை. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு, முக்கியமாக இங்கே வரத் தயாராக இருப்பவர்களுக்கு, அதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தேதிகளை நினைவில் வைக்கும் பழக்கம் உண்டு. படித்த புத்தகங்களின் கதை மறந்தாலும் எந்த மாதம் படித்தேன் என்பது மறக்காது. கட்டடத்தில் யாருடைய விசா எப்போது முடிகிறது என்பது அவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று என் மனைவி கமலா கேலி செய்வாள். ஆகவே இதுவும் மாதத்தோடு நினைவிருக்கிறது. போன வருடம், 2005 நவம்பர். பெருநாள் முடிந்திருந்தது. வெயில் தணிந்து, துபாயில் மனிதர்கள் வெளியே நடமாடத் தொடங்கும் காலம்.

2

துபாய் என்றால் செலவு செய்யும் ஊர் என்பது நம்மவர்கள் எண்ணம். ஒரு திர்ஹம்கூடச் செலவழிக்காமல் இந்த ஊரில் உண்ணலாம், உடம்பைத் தேற்றலாம், கலை ரசிக்கலாம் என்று வாழ்ந்து காட்டியவர் மீரான் காக்கா. கீழக்கரைக்காரர். அங்கே அண்ணன் காக்கா, அக்கா லாத்தா. எங்களுக்கு இரண்டு மாடி மேலே குடியிருந்தார். அல் கூஸில் டைல்ஸும் குளியலறைச் சாமான்களும் விற்கும் ஒரு கம்பெனியில் கிடங்குப் பொறுப்பாளர். அவர் மனைவி ஆயிஷாவை நான் லாத்தா என்று கூப்பிடுவேன். ஒரே மகள் நஸ்ரின் அப்போது பத்தாம் வகுப்பு. இங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் போன் வரும்.

"தம்பி, சட்டையப் போடு. இன்னைக்கி ஓசி எங்கன்னு தெரியுமா?"

நோன்பு மாதம் என்றால் தேராவில் ஒரு பள்ளிவாசல் கூடாரம். நோன்புக் கஞ்சி, பேரீச்சம்பழம், மோர், பிரியாணி. முதல் தடவை நான் தயங்கி நின்றேன்.

"நான் இந்து காக்கா. நோன்பும் கிடையாது."

"கஞ்சிக்கு அது தெரியுமா? உக்காரு."

யாரும் கேட்கவில்லை. எதிரே இருந்த பட்டாணியர் தன் பங்குப் பழத்தை என் பக்கம் தள்ளினார்.

உடற்பயிற்சிக்கு மம்சார் கடற்கரை. அதுபோக, குளிர்காலத்தில் ஏதாவது ஒரு கம்பெனி ஏதாவது ஒரு நோயின் பெயரால் நடைப்பயணம் நடத்தும். முடிவில் டீ ஷர்ட், தொப்பி, தண்ணீர் பாட்டில். காக்கா எல்லாவற்றிலும் நடந்தார். அவர் வீட்டில் தரை துடைக்கும் துணியில்கூட ஏதோ ஒரு நோய்க்கு எதிரான வாசகம் இருக்கும்.

கலைக்கு அல் கூஸ். அவருடைய கிடங்குக்கு நாலைந்து கதவுகள் தள்ளி, ஒரு பழைய கிடங்கை வெள்ளையடித்து ஓவியக்கூடம் ஆக்கியிருந்தார்கள். புதிய ஓவியங்களைத் திறந்துவைக்கும் மாலைகளில் பழச்சாறும், குச்சியில் குத்திய சிறு பலகாரங்களும் உண்டு. வெள்ளைக்காரர்களுக்கு நடுவே காக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படத்தின் முன்னும் நிற்பார்.

"இதுல என்ன இருக்கு காக்கா?"

"இதுல ஒண்ணுமில்ல. பின்னாடி மேசையில சமோசா இருக்கு."

நஸ்ரினுக்கு இதெல்லாம் அவமானம். "வாப்பா, ப்ளீஸ், தட்டை நிரப்பாதீங்க. பீப்பிள் ஆர் லுக்கிங்" என்பாள். சில மாதங்களில் வருவதையே நிறுத்திக்கொண்டாள்.

3

அந்த நவம்பர் முகாம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. ரத்த அழுத்தம் பார்க்க நீண்ட வரிசை. எக்ஸ்ரே வண்டியின் முன்னால் கூட்டம் குறைவு. எனக்கு ஆகஸ்டில்தான் விசா புதுப்பித்திருந்தார்கள். அதற்கே எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது என்று சொல்லி ஒதுங்கினேன்.

"ஓசியில குடுக்கறத வேணாம்னு சொல்றது ஹராம் தம்பி" என்றார் காக்கா. சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு வண்டிக்குள் ஏறினார்.

நாங்கள் சாப்பாட்டு வரிசைக்கு நகர்ந்தபோது ஒரு பெண் டாக்டர் வந்து அவரைத் தனியாகக் கூப்பிட்டார். மதுரைப் பேச்சு. விடுமுறை நாளில் சேவைக்கு வந்தவர். ஒரு வகுப்பறைக்குள் போனோம். கதவைச் சாத்தினார்.

"அண்ணே, எப்பவாச்சும் டி.பி. வந்திருந்துச்சா?"

"சின்ன வயசுல. சென்னை மண்ணடியில ஒரு கடையில நின்னப்ப. ஒரு வருசம் ஊசி, மாத்திரை. சரியாப் போயிருச்சே."

"சரியாத்தான் போயிருக்கு. இப்ப நோய் இல்ல. யாருக்கும் ஒட்டாது. தழும்பு மட்டும் இருக்கு. வலது பக்கம், மேல, சின்னதா."

"அப்பறம் என்ன டாக்டர்?"

பதிலுக்கு அவர், "விசா எப்பண்ணே முடியுது?" என்று கேட்டார்.

காக்கா என்னைப் பார்த்தார். "ஜனவரி கடைசி" என்றேன்.

டாக்டர் படத்தை உறைக்குள் போட்டார். "நான் எங்கயும் எதுவும் எழுதல. இத வீட்டுல வெச்சுக்காதீங்க."

அன்றைக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்காமல் வெளியே வந்தோம். மீரான் காக்கா ஓசிச் சாப்பாட்டை விட்டுவிட்டு நடந்ததை அன்றுதான் பார்த்தேன்.

4

இங்கே மூன்று வருடங்களுக்கு ஒரு முறை விசா புதுப்பிக்க வேண்டும். அதற்கு ரத்தமும் நெஞ்சு எக்ஸ்ரேவும் எடுக்க வேண்டும். நுரையீரலில் தழும்பு தெரிந்தால், ஆறிப்போன பழைய தழும்பானாலும், 'அன்ஃபிட்'. எங்களுக்குத் தெரிந்த விதி அதுதான். திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெயர் ஆறு வளைகுடா நாடுகளுக்கும் போய்விடும். அதன்பின் ஓமானில் சோஹாரோ கத்தாரில் தோஹாவோ எந்தக் கதவும் திறக்காது. அவருடைய பொறுப்பில் இருக்கும் மனைவி, மகள் விசாவும் கூடவே போகும்.

நஸ்ரினுக்கு மார்ச்சில் பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு.

"இத்தன வருசமும் இதே நெஞ்சத்தானே தம்பி காமிச்சேன்? ஒருத்தனும் ஒண்ணும் சொல்லலியே" என்றார் காக்கா. உண்மைதான். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே போய், சிரித்துக்கொண்டே வந்திருக்கிறார். ஒருவேளை தழும்பு கண்ணில் படவில்லை. ஒருவேளை பார்த்தவருக்கு அவசரம். இந்தத் தடவையும் அப்படியே நடக்கலாம். ஆனால் இப்போது கம்ப்யூட்டரில் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். தெரியாமல் இருந்தவரை அது வெறும் நெஞ்சு. தெரிந்தபின் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் தடுத்திருக்க முடியாது. வெள்ளிக்கிழமைதோறும் முகாம் தேடிப் போகத் தொடங்கினார். கஞ்சியோ டீ ஷர்ட்டோ அவருக்கு இப்போது வேண்டியிருக்கவில்லை, எக்ஸ்ரே வேண்டும். மலையாளிச் சங்கம், பாகிஸ்தானிப் பள்ளி, ஷார்ஜாவில் ஒரு மருந்துக்கடை என்று ஒவ்வோர் இடத்திலும் வேறு பெயர் சொன்னார். தழும்பு மங்குகிறதா என்று பார்க்கவேண்டுமாம். காலையில் கருஞ்சீரகமும் தேனும் சாப்பிட்டார். மம்சாரில் மூச்சு வாங்க ஓடினார். ஒரு டாக்டர், "இது தையல் போட்ட தழும்பு மாதிரி பாய், போகாது" என்று இந்தியில் சொன்னதை எனக்கு மொழிபெயர்த்துவிட்டு, "அவன் சின்னப் பய, அவனுக்கென்ன தெரியும்" என்றார். ஒரு டாக்டர் மட்டும் எதுவும் தெரியவில்லை என்று சொன்னார். அன்று மாலை முழுக்கச் சந்தோஷமாக இருந்தார். அடுத்த வாரம் வேறு ஒருவர் விரலை அதே இடத்தில் வைத்தார்.

ஒருநாள் அவர் மனதைத் திசைதிருப்பலாம் என்று ஓவியக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் புகை படர்ந்ததுபோல ஒரு பெரிய படம். அவர் அதன் வலது மேல் மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். சமோசா மேசைப் பக்கம் திரும்பவே இல்லை.

டிசம்பரில் முருகையன் போனான். காக்காவின் கிடங்கில் லோடு இறக்குபவன், அரியலூர்ப் பக்கம். எங்கள் எல்லாரையும்விடத் திடமான உடம்பு. விசா புதுப்பிக்க ஒருநாள் காலை மெடிக்கலுக்குப் போனான். மறுபடி கூப்பிட்டு இன்னொரு படம் எடுத்தார்கள். அப்புறம் வேலைக்கு வரவில்லை. கேம்பில், அவர்கள் தங்கும் தொழிலாளர் குடியிருப்பில், அவனுடைய பெட்டியைக் கட்டிக் கொண்டுவரச் சொன்னார்கள். கட்டிக் கொடுத்தவர்களுக்கு அவனைப் பார்க்க அனுமதி இல்லை. அப்படியே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

"கேம்பு ரூம் கதவுக்கு வெளிய அவன் செருப்பு கெடக்குது தம்பி. எவனும் எடுக்க மாட்டேங்கறான்" என்றார் காக்கா. "அதத் தாண்டித்தான் எல்லாரும் உள்ள போறானுவ."

5

ஆயிஷா லாத்தாவிடம் காக்கா சொல்லவில்லை. ஆனால் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துக்கொண்டார். ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை மனது ஏற்கவில்லை. படுக்கையையும் ஹாலுக்கு மாற்றிவிட்டார். நஸ்ரின் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அவள் காதில் பாட்டுக் கருவி மாட்டியிருந்ததால் கவனிக்கவில்லை. லாத்தா கவனித்தார்.

ஜனவரி தொடக்கத்தில் லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் காய்கறிப் பை.

"தம்பி, ஒளிக்காம சொல்லுங்க. நஸ்ரின் வாப்பாவுக்கு வேற பொம்பள சகவாசம் எதும் இருக்கா? அந்தப் படக்கடையில வெள்ளக்காரிய நெறைய வர்றாளுவன்னு நீங்கதான் சொன்னீங்க."

"ஐயோ லாத்தா, அதெல்லாம் இல்ல."

"அப்ப ஏன் வெள்ளிக்கிழமையானா நெஞ்சுக்கு சென்ட் போட்டுக்கிட்டுப் போறாரு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபின் பொய் சொல்ல முடியவில்லை. "அவரையே உக்காரவெச்சுக் கேளுங்க லாத்தா. இன்னைக்கே கேளுங்க" என்றேன்.

அன்று மாலை எங்களை மேலே கூப்பிட்டார்கள். கமலாவும் வந்தாள். நஸ்ரின் டியூஷன் போயிருந்தாள். லாத்தா முதலில் செய்த காரியம், காக்காவின் தனி டம்ளரை எடுத்து அதில் தேநீர் ஊற்றித் தான் குடித்தது.

"இதுக்குத்தானா? நான் என்னென்னமோ நெனச்சிட்டேன்" என்றார். கொஞ்சம் சிரிக்கவும் செய்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார்.

"மந்தூப் என்ன சொல்றான்?" என்று கேட்டேன். அரசு அலுவலகங்களுக்கு அலைவதற்காகக் கம்பெனி வைத்திருக்கும் ஆளை இங்கே அப்படித்தான் சொல்வோம்.

"அடுத்த வாரம் மெடிக்கலுக்கு வான்னு பிடிச்சு இழுக்கறான்."

நான் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். ஜனவரி கடைசியில் விசா முடிகிறது. அதற்குப் பிறகு ஒரு மாதம் அவகாசம். பிப்ரவரி கடைசிவரை இழுக்கலாம். தேர்வு மார்ச் முழுக்க இருந்தது. எப்படிக் கூட்டினாலும் எட்டவில்லை.

"போய் நின்னுட்டுத்தான் வர்றேனே. இத்தன வருசம் காப்பாத்துன அல்லா இப்பக் கைவிடுவானா?" என்றார் காக்கா.

"வேணாம்" என்றார் லாத்தா. "அந்த முருகையன் மாதிரி உங்களப் புடிச்சு வெச்சுக்கிட்டு, பெட்டியக் கட்டிக் குடுன்னு என்கிட்ட வந்து நின்னா? ஊர்ல என்ன பேசுவாங்க? போலீஸ் புடிச்சு அனுப்பிச்சுன்னுதான் பேசுவாங்க. பொம்பளப் புள்ள வெச்சிருக்கோம். நாமளாப் போனா, போனோம். அவ்வளவுதான்."

"புள்ள பரீட்சை?"

அப்போது கமலாதான் கேட்டாள், "விசிட் விசாவுக்கு மெடிக்கல் உண்டா?"

இல்லை. எல்லாத் தேதிகளையும் தலையில் வைத்திருந்த எனக்கு அது தோன்றவில்லை.

6

காக்கா ராஜினாமா கொடுத்தார். உம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று காரணம் சொன்னார். மந்தூப் நம்பவில்லை. "என்னா மீரான் பாய், ரெண்டு நிமிஷ வேலை. வா, நில்லு, மூச்சப் பிடி, கலாஸ், முடிஞ்சுது. இதுக்குப் போயி வேலைய விடுறியே, மண்டையில மூளை மாஃபி, இல்லவே இல்லியா?" என்று கிடங்கில் எல்லார் முன்னாலும் கேட்டாராம். எல்லாரும் சிரித்தார்கள். காக்காவும் சிரித்தார்.

ஜனவரி கடைசியில் மூவரும் கிளம்பினார்கள். பிப்ரவரி நடுவில் லாத்தாவும் நஸ்ரினும் மட்டும் ஒரு டிராவல்ஸ் மூலமாக விசிட் விசாவில் திரும்பி வந்தார்கள். தேர்வு முடியும்வரை எங்கள் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு.

அவர்களை அழைத்துவர விமான நிலையம் போனேன். அங்கே நடந்ததை நஸ்ரின் வீட்டுக்கு வந்து கமலாவிடம்தான் சொன்னாள். கவுன்ட்டரில் இருந்த அதிகாரி நல்லவிதமாகத்தான் பேசினாராம். முதல் தடவையா துபாய் வருகிறாய் என்று கேட்டாராம். இங்கேதான் பிறந்தேன் என்றாளாம். அவர் பாஸ்போர்ட்டையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, வெல்கம் என்று சொல்லி முத்திரை குத்தினாராம். இதைச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

வாப்பா ஏன் வேலையை விட்டார் என்பது அவளுக்குத் தெரியாது. பள்ளியில் ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். கம்பெனிச் சரக்கைத் திருடிவிட்டார் என்றுகூட ஒருத்தி சொன்னாளாம். கடைசித் தேர்வு முடிந்த மதியம் லாத்தா உண்மையைச் சொன்னார். சமையலறையில் நாங்கள் எல்லாரும் இருந்தோம்.

"ஜஸ்ட் எ ஸ்கார்? அவ்ளோதானா?" என்றாள் நஸ்ரின். "ஹீ இஸ் நாட் ஈவன் சிக், உம்மா! யாருகிட்டயாவது சொல்லி ஃபைட் பண்ணலாம்ல?"

"யாருகிட்டம்மா?" என்றார் லாத்தா.

அவள் எங்கள் முகங்களைப் பார்த்தாள். நானும் கமலாவும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நல்ல மதிப்பெண் வந்தது. இப்போது ராமநாதபுரத்தில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பில் தமிழைக் கூட்டிக் கூட்டி வாசிக்கிறாளாம். போனில் என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுகிறாள், அதுவும் கேட்ட கேள்விக்கு மட்டும்.

7

இந்த ஆண்டு நோன்புக்குப் பிறகு காக்காவுக்கு சோஹாரில் ஒரு வாய்ப்பு வந்தது. துறைமுகம் பக்கம் கட்டுமானப் பொருள் கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர், கிடங்கைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றார். விசா அனுப்பத் தயார். அதற்குமுன் சென்னையில் ஒரு மெடிக்கல்.

அவர் பெயர் எங்கும் பதிவாகவில்லை. தழும்பு இருப்பது அந்த மதுரை டாக்டருக்கும், வேறு பெயரில் பார்த்த சில டாக்டர்களுக்கும், எங்களுக்கும் மட்டும்தான் தெரியும். சென்னையில் 'அன்ஃபிட்' என்று எழுதிவிட்டால் அது எல்லா நாட்டுக்கும் போகும். எழுதாவிட்டால் குடும்பம் மறுபடி எழுந்து நிற்கும். நஸ்ரினை சோஹாரில் ஓர் இந்தியப் பள்ளியில் சேர்க்கலாம்.

"போகலாமா தம்பி? நீ சொல்லு" என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். போங்கள் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. "லாத்தா என்ன சொல்றாங்க?" என்று திருப்பிக் கேட்டுத் தப்பித்தேன். லாத்தா இறைவனிடம் துஆ கேட்டுக்கொண்டே இருப்பதாகச் சொன்னார்.

நேற்று சாயங்காலம் போன் வந்தது. பின்னால் சென்னைப் பேருந்துகளின் சத்தம்.

"போயிட்டு வந்துட்டேன் தம்பி."

"மெடிக்கலுக்கா? என்ன சொன்னாங்க?"

"காலையிலயே போயிட்டேன். நல்ல கூட்டம். பூராம் நம்ம புள்ளைய, முதத் தடவ போறவனுவ. ஒருத்தன் ஒருத்தன கிண்டல் பண்ணிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு. ரத்தம் எடுத்தாங்க. அப்பறம் சட்டையக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு எக்ஸ்ரே ரூம் வாசல்ல உக்காரச் சொன்னாங்க."

"அப்பறம்?"

"என் பேரக் கூப்பிட்டாங்க."

அவர் மூச்சு விடுவது கேட்டது.

"உள்ள போனீங்களா காக்கா?"

"மூணு தடவ கூப்பிட்டாங்க தம்பி. அங்கனயேதான் உக்காந்திருந்தேன். பக்கத்துல இருந்த பையன் என்னப் பாத்து, 'பாய், மீரான்னு கூப்பிடுறாங்களே, ஆளு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?'ன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியாதுன்னு சொல்லிட்டேன்."